‘சேதம்’ என்று எழுதி வைத்த கோடுகள்: ஒரு லேசர் வரலாறு (த்ரெட்)

1/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஆர்த்தோ வார்டில் பார்த்த ஒரு விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். பைக்கில் இருந்து விழுந்து கால் எலும்பு உடைஞ்சு வந்த ஒரு பையன். உள்ளே ராடு போட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சது. மூணு வாரம் கழித்து தையல் போட்ட இடத்தில் சீழ். கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்.

2/
அவனோட அம்மா என்னைப் பிடிச்சுக் கேட்டாங்க. "புதுக் கம்பிதானே சார் வச்சீங்க? கழுவி சுத்தம் பண்ணித்தானே வச்சிருப்பீங்க? அப்புறம் எப்படி சார் அதுல கிருமி வந்துச்சு?"
"சில நேரம் அப்படி ஆகிடும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துட்டேன். அது பதில் இல்லைன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

3/
அந்தக் கேள்விக்கான பதில் உலோகத்தோட மேற்பரப்பில் இருக்கு. அதைத் தேடிப் போனப்போதான் இன்னிக்கு சொல்லப்போற வரலாறு எனக்குக் கிடைச்சது. லேசர் ஒளி பட்டால் உலோகத்தின் மேல் தானாகவே வரி வரியாக, ஒரே இடைவெளியில், கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழும். யாரும் வரையலை. 1965-ல் முதலில் பார்த்தபோது அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் "சேதம்".

4/
முதலில் மருத்துவப் பக்கம். உடம்புக்குள் ஒரு உலோகத்தை வைத்த அந்த நிமிஷமே ஒரு பந்தயம் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் நம்ம எலும்பு செல்கள், இன்னொரு பக்கம் பாக்டீரியா. யார் முதலில் அந்தப் பரப்பில் போய் உட்காருகிறார்களோ அவங்களுக்குத்தான் இடம். 1987-ல் அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கமாக எழுதினார். "பரப்புக்கான பந்தயம்" என்றுதான் இன்னிக்கும் சொல்கிறோம்.

5/
பாக்டீரியா ஜெயித்துவிட்டால் என்ன ஆகும்? உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம். ரொம்ப நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் கையை வச்சா வழுக்குமே, கிட்டத்தட்ட அதேதான். அந்தப் படலத்துக்குள் இருக்கிற கிருமியிடம் ஆன்டிபயாடிக் பாச்சா பெரும்பாலும் பலிக்காது. கடைசியில் கம்பியையே கழற்ற வேண்டி வரும்.

6/
ஆக, கிருமி உட்கார முடியாத மாதிரி ஒரு பரப்பு, ஆனா எலும்பு செல் ஆசையா வந்து உட்கார்ற மாதிரி ஒரு பரப்பு. இது கிடைக்குமா? இதுதான் கேள்வி. இதை மனசில் வச்சுக்கிட்டு 1960-க்குப் போவோம்.

7/
1960 மே 16. கலிஃபோர்னியாவின் மாலிபு. ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தியோடர் மைமன் ஒரு சிறிய ரூபிக் கம்பியைச் சுற்றி கேமரா ஃப்ளாஷ் மாதிரியான விளக்கை வைத்து அடித்தார். உலகின் முதல் லேசர். அலைநீளம் 694 நானோமீட்டர், அடர் சிவப்பு. தொடர்ந்து எரியும் விளக்கு இல்லை அது. ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் ஒரு துடிப்பு. நாடி மாதிரி.

8/
நாங்க டாக்டர்கள் சும்மா இருப்போமா? 1961 டிசம்பரிலேயே நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியை ரூபி லேசரால் சுட்டார்கள். லேசர் பிறந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை! இயற்பியல் ஆட்களோ கையில் கிடைத்ததை எல்லாம் லேசருக்கு முன்னாடி வச்சு அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தார்கள். எதை எவ்வளவு அடித்தால் கெட்டுப்போகும் என்பது அவங்களுக்கு அவசியமான தகவல்.

9/
அப்படி அடித்தவர்களில் ஒருவர் மில்டன் பர்ன்பாம், ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் ஆராய்ச்சியாளர். ஜெர்மானியம் மாதிரியான குறைக்கடத்திகளை நன்றாகப் பாலிஷ் செய்து ரூபி லேசரால் அடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருகிப்போன குழி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இருந்தது. கூடவே நேர்நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடுகளும் இருந்தன.

10/
1965-ல் 'ஜர்னல் ஆஃப் அப்ளைட் ஃபிசிக்ஸ்' இதழில் அதை வெளியிட்டார். தலைப்பே, ரூபி லேசரால் குறைக்கடத்திப் பரப்பில் ஏற்படும் சேதம் பற்றியது என்றுதான் இருந்தது. ஒளி வளைந்து பரவும் விளைவால் இந்தக் கோடுகள் வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனா அவர் செய்த முக்கியமான வேலை வேற. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். கேஸ் ஷீட் எழுதுற எல்லாருக்கும் இதோட மதிப்பு தெரியும்.

11/
அடுத்த திருப்பம் 1973. இங்கிலாந்தில் எம்மனி, ஹோசன், வில்லிஸ் என்ற மூவர். இவங்க பயன்படுத்தியது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், ரூபியைப் போல 15 மடங்கு பெரியது. லேசர் கருவியில் இருந்த ஜெர்மானியம் கண்ணாடி கெட்டுப்போனது. பார்த்தால் அதிலும் கோடுகள். இந்தக் கட்டுரையின் தலைப்பிலும் அதே வார்த்தை: சேதம்.

12/
ஆனா இவங்க விளக்கம் சரியான பாதையில் போனது. குளத்தில் ரெண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ரெண்டு அலை வட்டமும் குறுக்கே சந்திக்கும். சில இடத்தில் மேடு மேல மேடு ஏறி பெரிய அலை. சில இடத்தில் மேடும் பள்ளமும் சேர்ந்து அடங்கிப் போகும். ஒளியும் அலைதான். அதுவும் இப்படியே செய்யும்.

13/
எவ்வளவு பாலிஷ் செய்த பரப்பிலும் ஒரு கீறலோ தூசியோ இருக்கும். லேசர் ஒளி அதில் பட்டு சிதறும். சிதறிய ஒளி பரப்பை ஒட்டியே ஓடும். மேலே இருந்து வந்துக்கிட்டு இருக்கிற லேசரோடு அது சந்திக்கும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று வரிகள் உருவாகும். வெளிச்சம் விழுந்த வரி உருகும், ஆவியாகும். இருட்டு வரி தப்பிக்கும். அதுதான் அந்தக் கோடு.

14/
இன்னொரு அழகு இருக்கு. முதல் துடிப்பு லேசாக ஒரு பள்ளத்தை உண்டாக்கும். ரெண்டாவது துடிப்புக்கு அந்தப் பள்ளமே புதுக் கீறல். அது ஒளியை இன்னும் ஒழுங்காகச் சிதறடிக்கும். பள்ளம் இன்னும் ஆழமாகும். மூணாவது, நாலாவது... ஒற்றையடிப் பாதை உருவாவது மாதிரி. யாரோ ஒருத்தர் நடந்த தடம் தெரிஞ்சால் அடுத்தவரும் அதிலேயே நடப்பார். பல துடிப்புகள் சேர்ந்தால்தான் கோடு தெளிவாக வரும்.

15/
1982-ல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் வான் டிரீல், சைப், யங் மூவரும், இது ஒரு பொருளுக்கு மட்டும் ஆன சங்கதி இல்லை, திடப்பொருட்களுக்கே பொதுவான நிகழ்வு என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு பிரெஸ்டனும் சேர்ந்து முழுக் கணக்கையும் போட்டார்கள். உலோகம், குறைக்கடத்தி, கண்ணாடி எல்லாவற்றிலும் இது வரும். இன்னிக்கு வரை இந்தத் துறைக்குள் வருகிற மாணவர்கள் அந்தக் கணக்கில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

16/
கோட்டின் இடைவெளி ஏறக்குறைய ஒளியின் அலைநீளம் அளவுக்கு இருக்கும். திசையும் நம்ம கையில்தான். ஒளி அலை எந்தத் திசையில் ஆடுகிறதோ, உலோகத்தில் பெரும்பாலும் அதற்குக் குறுக்காகக் கோடு விழும். அந்த ஆட்டத்தின் திசையைத் திருப்பினால் கோடும் கூடவே திரும்பும். ஆக, "சேதத்துக்கு" ஒரு விதி இருக்கு. விதி இருந்தால் அதை வேலை வாங்கலாம்.

17/
ஒரே ஒரு பிரச்சினை: சூடு. பழைய லேசர்களின் துடிப்பு நீளமானது. அதற்குள் சூடு அக்கம்பக்கம் பரவி, உருகி வழிந்து, கோட்டை மழுப்பிவிடும். தியேட்டரில் காட்டரி வைத்தால் சுற்றி இருக்கிற திசுவும் சேர்ந்து கருகுமே, அந்தப் பாடுதான். இதைத் தாண்ட துடிப்பைச் சுருக்க வேண்டும். ரொம்ப, ரொம்பச் சுருக்க வேண்டும்.

18/
எவ்வளவு? ஃபெம்டோ நொடி அளவுக்கு. ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடி (10^15) துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு ஃபெம்டோ நொடி. வேற மாதிரி சொல்றேன். ஒரு ஃபெம்டோ நொடிக்கு ஒரு நொடி எப்படியோ, ஒரு நொடிக்கு 3 கோடி வருஷத்துக்கும் மேல் அப்படி. ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 ஃபெம்டோ நொடியில் அது போவது 30 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைக்கூட தாண்டாது.

19/
இவ்வளவு சின்ன துடிப்புக்குள் பெரிய சக்தியை அடைத்தால், அதைப் பெருக்குகிற கருவியே உடைந்துபோகும். இதற்கு 1985-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் மூரூவும் அவருடைய ஆராய்ச்சி மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அன்னதானக் கூட்டம் ஒரே நேரத்தில் கதவில் முட்டினால் கதவு போயிடும். அதனால் முதலில் நீளமான வரிசையாக நிறுத்து. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பொட்டலத்தைக் கொடு. வெளியே வந்ததும் மறுபடி ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடு.

20/
அதாவது துடிப்பை முதலில் இழுத்து நீட்டி, நீட்டிய நிலையில் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது. 2018-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது (அந்த ஆண்டுப் பரிசில் பாதி ஆர்தர் ஆஷ்கினுக்கு). இயற்பியலில் மேரி கியூரி, மரியா கெப்பர்ட் மேயருக்குப் பிறகு நோபல் வாங்கிய மூன்றாவது பெண் ஸ்டிரிக்லண்ட். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவில் 55 வருஷம்.

21/
இப்போ நடுவில் ஒரு கண் கதை. மூரூ பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1993-ல் அவருடைய கூடத்தில் ஒரு மாணவர் கருவியைச் சரி செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். லேசர் கண்ணில் பட்டுவிட்டது. கண் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே பரிசோதித்தது ரான் கர்ட்ஸ் என்ற பயிற்சி டாக்டர்.

22/
விழித்திரையில் காயம் இருந்தது. ஆனா கர்ட்ஸை நிறுத்தி வைத்தது காயத்தோட வடிவம். அவர் பார்த்துப் பழகிய லேசர் காயங்கள் மாதிரி கரடுமுரடாக இல்லை. மிகச் சின்னதாக, விளிம்பு சுத்தமான வட்டம். "இது என்ன லேசர்?" என்று கேட்டார். அதோடு விடவில்லை. அந்தக் கூடத்துக்கே போய்விட்டார். டிபோர் யூஹாஸுடன் சேர்ந்து 1997-ல் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். இன்னிக்கு "பிளேடு இல்லாத லேசிக்" என்று விளம்பரத்தில் பார்க்கிறீங்களே, அதன் தொடக்கம் அந்த ஒரு கேஸ். மாணவரின் பார்வைக்கும் பெரிய பாதிப்பு இல்லை.

23/
கவனிங்க. பர்ன்பாம் பார்த்ததும் சேதம், கர்ட்ஸ் பார்த்ததும் சேதம். ரெண்டு பேரும் "கெட்டுப்போச்சு"ன்னு மூடி வைக்கலை. கெட்டுப்போன விதத்தில் ஏன் இவ்வளவு ஒழுங்கு இருக்குன்னு கேட்டார்கள்.

24/
ஃபெம்டோ துடிப்பு ஏன் இவ்வளவு சுத்தமாக வெட்டுகிறது? ஒளியின் சக்தி முதலில் எலக்ட்ரான்களுக்குத்தான் போகும். அவை அதை அணுக்களுக்குக் கைமாற்ற பிகோ நொடிகள் ஆகும். அதற்குள் துடிப்பு முடிந்தே போயிருக்கும். சூடு பரவுவதற்கு முன்பே எங்கே வெட்டணும் என்பது எலக்ட்ரான்களில் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் கோடு மழுங்காமல் நிற்கிறது. 800 நானோமீட்டர் லேசரால் உலோகத்தில் 500 முதல் 700 நானோமீட்டர் இடைவெளியில் கோடு போடலாம். ஒரு முடியின் அகலத்தில் நூறு கோடு நிற்கும்.

25/
பிறகு இன்னொரு ஆச்சரியம். ஃபெம்டோ லேசரில் அலைநீளத்தில் பாதியைவிடவும் நெருக்கமான கோடுகள் வந்தன. பழைய குளத்து அலைக் கணக்கில் அது எளிதாக அடங்கவில்லை. ஜெர்மனியின் யூர்கன் ரைஃப் போன்றவர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். காற்று அடிக்கும்போது மணலில் வரி விழுகிற மாதிரி, நிலைகுலைந்த பரப்பு தானாகவே தன்னை அடுக்கிக்கொள்கிறது என்றார்கள். ஒளியா, மணலா, ரெண்டும் சேர்ந்தா? இந்த விவாதம் இன்னும் முடியலை.

26/
இதற்குள் பயன்பாடுகள் வரிசை கட்டின. 2003-ல் ஜப்பானின் கியோட்டோ குழுவும் இங்கிலாந்தின் பீட்டர் கசான்ஸ்கியும் கண்ணாடியின் உள்ளேயே இந்த வரிகளைக் கண்டார்கள். அந்த வழியில் போன சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு கண்ணாடித் துண்டில் புத்தகங்களையே பதிந்து வைத்தது. அதில் ஒன்று ஒளியைப் பற்றி நியூட்டன் எழுதிய 'ஆப்டிக்ஸ்'.

27/
ரோசெஸ்டரில் சுன்லெய் குவோ குழு 2006 வாக்கில் பளபளக்கும் உலோகத்தைக் கரி மாதிரி கருப்பாக்கியது. 2008-ல் பெயின்ட் ஒரு சொட்டுகூட இல்லாமல் அலுமினியத்துக்குத் தங்க நிறம், டைட்டானியத்துக்கு நீலம். சிடியைத் திருப்பிப் பார்த்தால் வானவில் தெரியும் இல்லையா, அந்த வகை நிறங்களும் இதில் உண்டு. 2015-ல் தண்ணீர் ஒட்டாமல் துள்ளி ஓடும் உலோகம். ஆனா ஒரு அங்குலச் சதுரத்தை இப்படி மாற்ற அப்போது ஒரு மணி நேரம் ஆனது. இதை மறந்துடாதீங்க, கடைசியில் வரும்.

28/
இப்போ நம்ம கம்பிக்கு வருவோம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒரு உருண்டை, விட்டம் சுமார் 1 மைக்ரோமீட்டர். ஈ.கோலை ஒரு குச்சி, நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். லேசர் கோட்டின் இடைவெளி அதைவிடச் சின்னது. பந்தை நெளிநெளியான தகரக் கூரை மேல வச்ச மாதிரி, கிருமிக்கு மேட்டு நுனியில் மட்டும்தான் பிடிப்பு கிடைக்கும். பிடிப்பு குறைந்தால் ஒட்டுவதும் குறையும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

29/
நம்ம செல்லுக்கோ கோடு பிடிக்கும். 1910-களிலேயே ராஸ் ஹாரிசன், செல்கள் சிலந்தி இழையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே நகர்வதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இயற்கையில் கிருமிக்கு எதிரான பரப்பும் இருக்கு. 2012-ல் ஆஸ்திரேலியாவில் எலெனா இவானோவா குழு, ஒரு சில்வண்டின் இறக்கையில் இருக்கும் நானோ முட்கள் சூடோமோனாஸ் கிருமியைக் கிழித்துக் கொல்வதைக் காட்டியது. மருந்தே இல்லை, வெறும் வடிவம்.

30/
"அப்போ பிரச்சினை முடிஞ்சதா டாக்டர்?" இல்லை. 2016-ல் வந்த ஒரு ஆய்வில் லேசர் கோடு போட்ட டைட்டானியத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒட்டுவது குறைந்தது. அடுத்த ஆண்டு பெர்லினில் எஃகில் செய்த ஆய்விலோ ஈ.கோலை குறைந்தது, ஸ்டெஃபைலோகாக்கஸ் கோடு போட்ட இடத்தைத்தான் விரும்பியது! உலோகம் மாறினால், கிருமி மாறினால், பதிலும் மாறுகிறது. எல்லாக் கிருமிக்கும் ஒரே கோடு என்று எதுவும் இன்னும் இல்லை.

31/
இதோடு வேகமும் செலவும் இருக்கு. மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கை ஒரு முழு ராடுக்குப் போட்டுப் பாருங்க. லேசர்கள் இப்போ வேகமாகிக்கிட்டே வருது, அது நிஜம். ஆனா ஆய்வகத் தட்டில் ஜெயிப்பது வேற, ரத்தமும் புரதமும் வந்து படியும் உடம்புக்குள் வருஷக்கணக்கில் ஜெயிப்பது வேற. நான் வேலை பார்க்கும் வார்டுக்கு இப்படி ஒரு கம்பி இன்னும் வரவில்லை. "நானோ லேசர், கிருமியே வராது"ன்னு யாராவது விற்க வந்தால் ரெண்டு கேள்வி கேளுங்க: எந்தக் கிருமி? எத்தனை நோயாளிகளில் பார்த்தீங்க?

32/
இன்னிக்கும் அந்தப் பந்தயத்தில் நம்ம பக்கம் ஜெயிக்க உதவுவது பழைய விஷயங்கள்தான். கை கழுவுவது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுப்பது. சுகரைக் கட்டுக்குள் வைப்பது. சிகரெட்டை நிறுத்துவது. காயத்தில் ஈரமோ, சிவப்போ, வலியோ கூடினால் "தானா சரியாகும்"னு இருக்காமல் அன்னிக்கே வந்து காட்டுவது.

33/
அந்த அம்மா இப்போ கேட்டால் என்ன சொல்வேன்?
"கம்பி புதுசுதாம்மா, சுத்தமாத்தான் வச்சோம். ஆனா நம்ம கண்ணுக்கு வழவழன்னு தெரியுற கம்பி, கிருமிக்கு உட்கார இடம் கொடுக்கிற தரை. உங்க பையன் உடம்பு அந்த இடத்தைப் பிடிக்குறதுக்குள்ள கிருமி முந்திக்கிச்சு. உங்க மேலயும் தப்பு இல்ல, பையன் மேலயும் தப்பு இல்ல. அதைத் தடுக்க வழி தேடிக்கிட்டு இருக்காங்கம்மா."

34/
அந்தப் பையனுக்குக் கம்பியைக் கழற்றி, புண்ணைச் சுத்தம் செய்து, பல வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். நடந்துதான் வீட்டுக்குப் போனான். ஆனா ஆறு மாசத்துக்கு மேல அவங்க அம்மாவுக்கு கூலி வேலை போச்சு. ஒரு மைக்ரோமீட்டர் கிருமி ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த செலவு அது.

35/
1965-ல் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த கோட்டை "சேதம்"னு எழுதி வைத்தாலும், அதைப் பார்த்தபடி எழுதி வைத்த ஒருத்தர் இருந்ததால்தான் இன்னிக்கு இந்த வழி திறந்திருக்கு. வார்டில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு: வித்தியாசமா எதைப் பார்த்தாலும் கேஸ் ஷீட்டில் எழுதுங்க. காரணம் தெரியலைன்னாலும் எழுதுங்க.

சந்தேகம் இருந்தால் கேளுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.